பங்கின் அடக்க விலை

மளிகைக் கடைக்காரர் எவரும் மொத்த மண்டியில் கொடுத்த விலையையே அடக்க விலையாக எழுதிவைப்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் ஆன சேதாரம் எல்லாவற்றையும் சேர்த்து, கிலோவுக்கு இவ்வளவு அடக்கம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் விற்கும் விலையைப் பற்றி யோசிக்கிறார். பங்கு வாங்குபவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 400 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 404 ரூபாயைத் தொட்டதும் லாபம் வந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். அந்த விலையில் விற்றால் கைக்கு வரும் பணம், போட்ட பணத்தைவிடக் குறைவாக இருக்கவும் கூடும். கணக்குப் போடுபவர்களும் பெரும்பாலும் தரகு எத்தனை சதவீதம் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி தேவையானதுதான், ஆனால் போதாது. வாங்கும்போதும் விற்கும்போதும் சேர்த்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது, அந்தச் சுற்றை ஆண்டுக்கு எத்தனை முறை சுற்றுகிறோம் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். அப்படிப் பெருக்கிப் பார்க்கும்போது, மலிவான தரகரைத் தேடிப் பிடிப்பதைவிட அடிக்கடி வாங்கி விற்காமல் இருப்பதே பெரிய மிச்சம் என்பது எண்களிலேயே தெரிகிறது.

முதலில் ஒரு பங்கை டெலிவரி எடுக்கும்போது, அதாவது வாங்கி நம் டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளும்போது, யார் யாருக்குப் பணம் போகிறது என்று பார்ப்போம். தரகருக்குத் தரகு. அரசுக்கு எஸ்டிடி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி. 2004 அக்டோபரில் வந்த இந்த வரி டெலிவரியில் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் தலா 0.1 சதவீதம் வசூலிக்கப்படுகிறது. அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்கு 100 ரூபாய். அடுத்தது முத்திரைக் கட்டணம். முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த இதை 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரே விகிதமாக்கினார்கள். டெலிவரிக்கு 0.015 சதவீதம், அதுவும் வாங்குபவர் மட்டுமே கட்டுவது. பிறகு சந்தைக்கான பரிவர்த்தனைக் கட்டணம். தேசியப் பங்குச் சந்தையில் இது 2024 அக்டோபர் முதல் லட்சத்துக்கு 2 ரூபாய் 97 காசு. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்குப் போகும் கட்டணம் கோடி ரூபாய்க்கு 10 ரூபாய், நம்மைப் போன்றவர்களின் கணக்கில் சில காசுகள். கடைசியாக, தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. எஸ்டிடி மீதும் முத்திரைக் கட்டணத்தின் மீதும் ஜிஎஸ்டி கிடையாது. இந்த விகிதங்கள் அவ்வப்போது மாற்றப்படுபவை. எனவே எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்கின் வழியைப் புரிந்துகொண்டால் போதும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 400 ரூபாய் விலையில் 100 பங்குகள், மொத்தம் 40,000 ரூபாய். எந்தத் தரகரிடம் வாங்கினாலும் எஸ்டிடி 40 ரூபாய், முத்திரைக் கட்டணம் 6 ரூபாய், சந்தைக் கட்டணம் 1.19, செபிக்கு 4 காசு. இதுவரை யாருக்கும் வித்தியாசமில்லை. அரை சதவீதம் தரகு வாங்கும் பழைய பாணித் தரகரிடம் தரகு 200 ரூபாய், ஜிஎஸ்டி 36.22, ஆக மொத்தச் செலவு 283.45. ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் என்று நிலையான தொகை வாங்கும் தரகரிடம் ஜிஎஸ்டி 3.82, மொத்தம் 71.05. டெலிவரிக்குத் தரகே இல்லை என்று சொல்லும் தரகரிடமும் 47.45 ரூபாய் ஆகத்தான் செய்யும், ஏனென்றால் அரசும் சந்தையும் தங்கள் பங்கை விடுவதில்லை. ஆக, 400 ரூபாய்ப் பங்கின் அடக்கம் முதலாமவரிடம் 402.83, இரண்டாமவரிடம் 400.71, மூன்றாமவரிடம் 400.47. கடைசி இரண்டு தரகர்களிடமும் செலவில் மிகப் பெரிய பகுதி எஸ்டிடிதான், தரகு அல்ல. தரகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் இது.

வாங்கியதோடு கணக்கு முடியவில்லை. பங்கு என்றாவது ஒரு நாள் விற்கப்பட வேண்டியது. விற்கும்போது முத்திரைக் கட்டணம் இல்லை, ஆனால் எஸ்டிடி, தரகு, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் மறுபடியும் உண்டு. அவற்றோடு டிபி கட்டணம் என்ற புதிய செலவு ஒன்றும் சேர்கிறது. டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்காக வசூலிக்கப்படும் தொகை அது. ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரு நாளில் பத்து விற்றாலும் ஆயிரம் விற்றாலும் அதே தொகைதான். தரகருக்குத் தரகர் மாறும் இதை 15 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 17.70 என்று வைத்துக்கொள்வோம். நம் எடுத்துக்காட்டில் முதலுக்கு மோசமில்லாமல் வெளியே வர வேண்டுமானால் பங்கு எந்த விலைக்கு ஏற வேண்டும்? அரை சதவீதத் தரகரிடம் ஏறக்குறைய 405.83. இருபது ரூபாய்த் தரகரிடம் 401.54. தரகில்லாத் தரகரிடம் 401.07. இந்த விலையைத்தான் வாங்குவதற்கு முன்பே குறித்துவைக்க வேண்டும். 404 ரூபாயில் மகிழ்ந்து விற்ற முதலாமவரின் வாடிக்கையாளர் உண்மையில் நஷ்டத்தில் விற்றிருக்கிறார் என்பதை இந்த ஒரு எண் காட்டிவிடும். மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: வாங்கும் செலவையும் விற்கும் செலவையும் ரூபாயில் கூட்டி, பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, வாங்கிய விலையோடு சேர்த்தால் போதும். சில காசுகள் முன்பின்னாக இருக்கும், முடிவு மாறாது.

சிறு தொகையில் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மாதம் 2,000 ரூபாய் ஒதுக்கி ஐந்து பங்குகள் வாங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய்த் தரகு என்பது காதுக்கு மலிவாகத்தான் கேட்கிறது. ஆனால் 2,000 ரூபாயில் அது ஒரு சதவீதம். மற்றக் கட்டணங்களும் சேர்ந்து வாங்கும்போது 26 ரூபாய், விற்கும்போது டிபி கட்டணத்தோடு 43 ரூபாய், ஆக ஒரு சுற்றுக்கு 69 ரூபாய் ஆகிறது. போட்ட பணத்தில் இது ஏறக்குறைய மூன்றரை சதவீதம். வங்கிச் சேமிப்புக் கணக்கு ஓர் ஆண்டில் தரும் வட்டியே போய்விடுகிறது. தரகே இல்லாத தரகரிடம் வாங்கினாலும், அந்த ஐந்து பங்குகளைத் தனியாக விற்றால் டிபி கட்டணமும் சேர்ந்து ஒரு சுற்றின் செலவு ஒரு சதவீதத்தைத் தாண்டும். அதே டிபி கட்டணம் 40,000 ரூபாயில் 0.04 சதவீதம்தான். நிலையான கட்டணம் எப்போதும் சிறிய ஆர்டரைத்தான் கடுமையாக அடிக்கிறது. சதவீதக் கட்டணம் பெரிய ஆர்டரை அடிக்கிறது. தன் ஆர்டர் பெரும்பாலும் எவ்வளவு தொகைக்கு இருக்கும் என்று தெரியாமல் எந்தத் தரகர் மலிவு என்று கேட்பதில் பொருளில்லை. சிறு தொகையில் வாங்குபவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலும், விற்கும்போது மொத்தமாக ஒரே நாளில் விற்பது அவர் கையிலேயே இருக்கும் மிச்சம்.

விலை குறைந்த பங்குகளில் இன்னொரு கண்ணி உண்டு. சில தரகர்கள் சதவீதத்தோடு, பங்கு ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை காசு என்றும் ஒப்பந்தத்தில் போட்டுவைப்பார்கள். பங்குக்கு 5 காசு என்பது 400 ரூபாய்ப் பங்கில் ஒன்றுமே இல்லை, 4 ரூபாய்ப் பங்கில் அது 1.25 சதவீதம். விதிகள் அனுமதிக்கும் உச்சவரம்பு இன்னும் தாராளமானது. தரகு, பங்கின் மதிப்பில் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 10 ரூபாயோ அதற்குக் குறைவாகவோ விலையுள்ள பங்குக்கு 25 காசு வரை வாங்கலாம் என்கின்றன அவை. 4 ரூபாய்ப் பங்கில் 25 காசு என்பது 6.25 சதவீதம். விதிப்படிதான் வாங்குகிறோம் என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வரம்பு என்பது பரிந்துரை அல்ல. கணக்குத் தொடங்கும்போது கையெழுத்துப் போடும் கட்டண அட்டவணையில் இந்தக் குறைந்தபட்சத் தரகு வரியைத் தேடிப் படியுங்கள். குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தரகு பேசித் தீர்மானிக்கக்கூடியது.

இத்தனை கணக்கு எதற்கு, டெலிவரிக்குத் தரகே வாங்காதவர்கள்தான் இருக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. டெலிவரியில் விட்டதை அவர்கள் அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயிலும் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்திலும் ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வாடிக்கையாளர் அடிக்கடி ஆர்டர் போட்டால்தான் அவர்கள் கடை ஓடும். கட்டணம் வேறு பெயரிலும் வரலாம். 2024 வரை சந்தைகள், மாதம் முழுவதும் அதிக வணிகம் கொண்டுவரும் தரகருக்குக் குறைந்த விகிதத்தில் பரிவர்த்தனைக் கட்டணம் வசூலித்தன. தரகர்களோ வாடிக்கையாளரிடம் மேல்விகிதத்தில் வாங்கினார்கள், நடுவில் நின்ற தொகை அவர்களுக்கு. வணிகத்துக்குப் பின் தரகர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பில் அது தரகு என்ற வரியில் வரவில்லை, சந்தைக் கட்டணம் என்ற வரியில் ஒளிந்திருந்தது. எல்லாத் தரகருக்கும் ஒரே விகிதம்தான் இருக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் வாங்குவதே சந்தைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று செபி 2024 ஜூலையில் உத்தரவிட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தரகு பூஜ்யம் என்ற விளம்பரத்தைப் பார்த்துச் செலவே பூஜ்யம் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி, எத்தனை முறை என்ற கேள்விக்கு வருவோம். அரை சதவீதத் தரகரிடம் 40,000 ரூபாய்க்கு வாங்கி அதே விலையில் விற்றால் ஒரு சுற்றுக்கு டிபி கட்டணம் உட்பட 578.60 ரூபாய் ஆகிறது, ஏறக்குறைய 1.45 சதவீதம். தரகில்லாத் தரகரிடம் 106.60 ரூபாய், 0.27 சதவீதம். சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டால் முதலாமவரிடம் ஐந்து மடங்குக்கும் மேல் செலவு. ஆனால் முதலாமவரின் வாடிக்கையாளர் ஒரு முறை வாங்கி ஐந்து ஆண்டு வைத்திருந்து விற்கிறார் என்று வையுங்கள். அவருடைய செலவு ஆண்டுக்கு 115.72 ரூபாய், 0.29 சதவீதம். தரகில்லாத் தரகரின் வாடிக்கையாளர் மாதம் ஒரு முறை அதே பணத்தைப் புரட்டுகிறார் என்றால், ஆண்டுக்கு 1,279.20 ரூபாய், 3.2 சதவீதம். விலையுயர்ந்த தரகரிடம் பொறுமையாக இருந்தவர் கொடுத்ததைப்போலப் பதினோரு மடங்கு, தரகே கொடுக்காதவர் கொடுத்திருக்கிறார். அரை சதவீதத் தரகரிடமே மாதம் ஒரு சுற்று சுற்றினால் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் போகும். அந்தச் செலவைத் தாண்டி லாபம் பார்க்கப் பெரிய முதலீட்டாளர்களுக்கே கடினம். ஐந்து ஆண்டு வைத்திருப்பவரும் குறைந்த தரகை நாடினால் இன்னும் நல்லதுதான். ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில் இந்த எண்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் அல்ல. அமெரிக்கப் பொருளியலாளர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் 1991 முதல் 1996 வரை ஒரு பெரிய தள்ளுபடித் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வாங்கல் விற்றலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். அவர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள் மோசமானவை அல்ல, செலவைக் கழிப்பதற்கு முன் எல்லோருடைய வருவாயும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இடைவெளியை உண்டாக்கியது தரகும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசமும்தான். அங்கே அப்போது தரகு அதிகம், இங்கே இப்போது குறைவு, அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தியச் சந்தையில் இன்ட்ராடே செய்பவர்களைப் பற்றி 2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வும் அதே திசையைத்தான் காட்டுகிறது. 2022-23 நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள். நஷ்டமடைந்தவர்கள் தங்கள் வணிக நஷ்டத்தில் 57 சதவீத அளவுக்குச் சமமான தொகையைக் கூடுதலாகக் கட்டணங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். லாபம் பார்த்தவர்களும் லாபத்தில் 19 சதவீதத்தைக் கட்டணங்களில் இழந்தார்கள். இன்ட்ராடேயில் விகிதங்கள் டெலிவரியைவிடக் குறைவு, எஸ்டிடி விற்கும்போது மட்டும் 0.025 சதவீதம், முத்திரைக் கட்டணம் 0.003 சதவீதம். விகிதம் குறைந்தும் செலவு பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர்கள் புரட்டிய எண்ணிக்கைதான் காரணம்.

நல்ல பங்கு கிடைத்தால் இருபது முப்பது சதவீதம் ஏறுகிறது, அதன் முன்னால் ஒன்றரை சதவீதக் கணக்கு அற்பமில்லையா என்பது அடுத்த மறுப்பு. ஏற்றம் வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது, செலவு வருவது உறுதி. உறுதியான ஒன்றைக் குறைப்பதற்கும் உறுதியில்லாத ஒன்றை எதிர்பார்ப்பதற்கும் போட்டியே இல்லை, இரண்டையும் செய்யலாம். இதைவிட வலுவான மறுப்பு, அரை சதவீதம் வாங்கும் தரகர் ஆலோசனை சொல்கிறார், கிளை வைத்திருக்கிறார், போனில் பேசுகிறார் என்பது. முதியவர்களுக்கும் செயலியில் ஆர்டர் போடப் பழகாதவர்களுக்கும் அந்தச் சேவைக்கு உண்மையாகவே மதிப்பு உண்டு. நான் சொல்வது, அதன் விலையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான். நம் எடுத்துக்காட்டில் அவருக்கும் தரகில்லாத் தரகருக்கும் இடையே ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 472 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு சுற்று என்றால் 944 ரூபாய் அந்தச் சேவைக்குக் கொடுக்கிறீர்கள். கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள். ஆனால் வாடிக்கையாளர் எத்தனை முறை வாங்கி விற்கிறாரோ அதற்கேற்ப வருமானம் வரும் ஒருவர் சொல்லும் ஆலோசனையில், 'இப்போது ஒன்றும் செய்யாமல் இருங்கள்' என்ற ஆலோசனை அரிதாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த ரசீதிலும் அச்சாகாத செலவு ஒன்றும் இருக்கிறது. சந்தையில் ஒரு பங்குக்கு எப்போதும் இரண்டு விலைகள் உண்டு, வாங்க நிற்பவர் தரத் தயாரான விலை ஒன்று, விற்க நிற்பவர் கேட்கும் விலை ஒன்று. பெரிய நிறுவனப் பங்குகளில் இரண்டுக்கும் நடுவே சில காசுகள்தான். அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்கில் ஒருவர் 98க்குக் கேட்க, மற்றவர் 100க்குத் தர நிற்பார். அவசரப்பட்டு மார்க்கெட் ஆர்டர் போட்டு 100க்கு வாங்கினால், அடுத்த நொடியே விற்க நினைத்தாலும் 98தான் கிடைக்கும். இரண்டு சதவீதம் போயிற்று, மேலே 40,000 ரூபாய்க்குக் கணக்கிட்ட எந்தத் தரகரின் சுற்றுச் செலவையும்விட அதிகம். நிஃப்டி 50 பட்டியலில் ஒரு பங்கைச் சேர்ப்பதற்குத் தேசியப் பங்குச் சந்தைக் குழுமம் பார்க்கும் தகுதிகளில் ஒன்றே, 10 கோடி ரூபாய்த் தொகுப்பாக வாங்கினாலும் அதன் விலை பெரும்பாலும் அரை சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது என்பதுதான். நாம் லிமிட் ஆர்டர் போட்டு விலையைக் கட்டிப்போடலாம். ஆர்டர் நிறைவேறாமல் போகலாம் என்ற சிரமம் அதில் உண்டு, நீண்ட காலத்துக்கு வாங்குபவருக்கு அது பெரிய இழப்பல்ல.

வரிக் கணக்கிலும் இந்தச் செலவுகள் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கும்போது கொடுத்த தரகை வாங்கிய விலையோடு சேர்க்கலாம், விற்கும்போது கொடுத்த தரகை விற்ற தொகையிலிருந்து கழிக்கலாம். எஸ்டிடியைக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 20 சதவீதம் வரி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். அடிக்கடி புரட்டுபவர் கட்டணத்தில் இழப்பதோடு வரியிலும் கூடுதலாகக் கொடுக்கிறார்.

செயலியே எல்லாவற்றையும் காட்டுகிறதே என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல செயலிகளில் தெரியும் சராசரி விலை, கட்டணங்கள் சேராத வெறும் வாங்கிய விலைதான். பச்சை நிறத்தில் காட்டப்படும் லாபத்திலிருந்து விற்கும் செலவு கழிக்கப்பட்டிருக்காது. நம்ப வேண்டிய ஆவணம் ஒப்பந்தக் குறிப்பு. வணிகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் தரகர் அதை அனுப்பியாக வேண்டும், பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும். அதில் தரகு, எஸ்டிடி, முத்திரைக் கட்டணம், சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்கும், கடைசியில் நாம் கொடுக்க வேண்டிய நிகரத் தொகை இருக்கும். அந்த நிகரத் தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அடக்க விலை. டிபி கட்டணம் மட்டும் ஒப்பந்தக் குறிப்பில் வராது, தரகரின் கணக்கேட்டில் தனியாகப் பற்று வைக்கப்படும். டீமேட் கணக்கின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் அங்கேதான் இருக்கும். உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்குதான், அதில் உள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள்தான் என்றால், அடிப்படைச் சேவை டீமேட் கணக்காக மாற்றிக்கொண்டு அந்தப் பராமரிப்புக் கட்டணம் இல்லாமலே இருக்கலாம். 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் வரம்பு இது.

மாதம் ஒரு முறை ஒப்பந்தக் குறிப்புகளையும் கணக்கேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் புரியாத பற்று ஏதும் இருந்தால் தரகரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் திருப்தி தரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தரகர் 21 நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.